ஓலை வாசிக்கும் இயந்திரமும் நம் எல்லை கிராமங்களும்

(நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டார அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஜெனரேட்டிவ் ஏ.ஐ. என்று யூனிவர்சிட்டி செமினார்களில் ஓயாமல் பேசுகிறார்களே, அது நம் ஆத்து வாசலுக்கு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லுங்கோ" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். இலை போடுவதற்குள் முடிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

நம் ராஜ்யத்தில் இந்தப் பேச்சுக்குக் குறைவில்லை. 2020ல் திருவனந்தபுரத்துக்கு வடக்கே மங்கலபுரத்தில் டிஜிட்டல் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. 2024 ஜூலை 11, 12 தேதிகளில் கொச்சியில் சர்வதேச மாநாடு நடந்தது. அதே வருஷம் மே மாதம், கைட் என்ற அரசு ஸ்தாபனம் 80,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்து வேலையைத் தொடங்கியது. ஆகவே பள்ளிக்கூடம் போகும் பேரனுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். தாத்தாவுக்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது. செமினார்களில் வாசிக்கப்படும் கட்டுரைகளில் எத்தனையை அந்த இயந்திரமே எழுதிக் கொடுத்தது என்பது வேறு விஷயம். அதற்குள் நான் போகவில்லை.

விஷயம் இதுதான். 2017ல் கூகிள் நிறுவனத்தில் எட்டு பேர் சேர்ந்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். முதலில் இருக்கும் பெயர் ஆஷிஷ் வாஸ்வானி, நம் தேசத்திலிருந்து போனவர். அந்தக் கட்டுரையில் சொன்ன அமைப்பின் மேல் கட்டியதுதான் 2022 நவம்பர் 30ம் தேதி ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட சாட் ஜிபிடி. உலகத்தில் எழுதப்பட்டதையெல்லாம் கோடிக்கணக்கில் படித்து, இந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்குப் போடக் கற்றுக்கொண்ட இயந்திரம். படத்துக்கும், குரலுக்கும் அதே ரீதியில் கணக்கு உண்டு.

வேத பாடசாலைக்குப் போனவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பக்கத்தில் உட்கார்ந்து ஆயிரம் தடவை காதில் வாங்கிய ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடுவில் நிறுத்தினால் அவன் மேற்கொண்டு சொல்லிக்கொண்டே போவான். முறையாக ஸந்தை சொல்லிப் படித்தவன் தெரியாத இடத்தில் நின்றுவிடுவான். இந்தப் பையன் நிற்கமாட்டான். ஸ்வரம் சரியாக இருக்கும், ஓட்டம் சரியாக இருக்கும், வாக்யம் மட்டும் அங்கே இல்லாததாக இருக்கும். நம் முன்னோர்கள் பதம், க்ரமம், ஜடை, கனம் என்று ஒரே வாக்யத்தை முன்னும் பின்னும் மாற்றிச் சொல்லும் பாடங்களை வைத்தது, ஓர் அக்ஷரம் பிசகினாலும் தெரிந்துவிட வேண்டும் என்பதற்காக. அந்த மாதிரி ஓர் ஏற்பாடு இயந்திரத்துக்குள் இயல்பாக இல்லை. பின்னாலிருந்து ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி நம் பாஷைக்கு வருவோம். இந்த இயந்திரம் வாக்கியத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் உள்ளே வாங்கிக்கொள்ளும். டோக்கன் என்று பெயர். கட்டணமும் வேகமும் துண்டுக் கணக்கில். அதைத் தயாரித்த நிறுவனமே 2024 மே மாதம் ஒரு எடுத்துக்காட்டு வெளியிட்டது. ஒரே வாக்கியம், பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டு, தமிழில் 116 துண்டு. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. முன்னேற்றம்தான். ஆனால் முதலில் அந்த இயந்திரம் தமிழை ஏறக்குறைய எழுத்தெழுத்தாக எண்ணிக் கொண்டிருந்தது என்பதும் இதில் தெரிகிறது. அது படித்ததில் தமிழ் அவ்வளவு கொஞ்சம்.

அந்தக் கொஞ்சத்திலும் நம் ஆத்துத் தமிழ் எங்கே இருக்கிறது? 1956 நவம்பர் 1ம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா இங்கே நின்றது. கோடு களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவில் விழுந்தது. பேச்சில் அப்படி ஒரு கோடு விழவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் "பறைஞ்சான்" என்கிறார்கள். இந்தப் பக்கம் நாம் தமிழ் பேசிக்கொண்டே "தேஷ்யம் வந்துடுத்து" என்கிறோம். நம்மாத்துப் பாட்டி "மனசுக்கு ரொம்ப வெஷமமா இருக்கு" என்றால் துக்கம். மதராஸில் விஷமம் என்றால் குழந்தை செய்யும் குறும்பு. மதராஸ் தமிழை மட்டும் நிறையப் படித்த இயந்திரம் எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். மலையாளம் என்று பொத்தானை அழுத்தினால் பாதி சரி, தமிழ் என்று அழுத்தினால் மீதிப் பாதி சரி. பாட்டி பேசுவது ஒரே வாக்கியம்.

இதில் நல்ல காரியமும் நடக்கிறது. மத்திய அரசு 2022ல் பாஷிணி என்ற திட்டத்தை ஆரம்பித்தது. அதே வருஷம் சென்னை ஐ.ஐ.டி.யில் ஏ.ஐ. ஃபார் பாரத் என்ற குழுவுக்கு நிலேகணி பெயரில் மையம் ஏற்பட்டது. 2024ல் அவர்கள் வெளியிட்ட பேச்சுத் தொகுப்பில் 22 பாஷைகள், 145 ஜில்லாக்கள், 16,237 பேருடைய குரல், 7,348 மணி நேரம். முக்கால் பங்கு, எழுதி வைத்ததைப் படிக்காமல் மனசிலிருந்து பேசியது. இப்படித்தான் சேர்க்க வேண்டும். பேசுகிறவர்கள் இருக்கும்போதே சேர்க்க வேண்டும். நம் வீடுகளில் எண்பதைத் தாண்டிய மாமிகள் எரிசேரிக்கு அரைப்பதைச் சொல்லட்டும், கல்யாணத்துக்கு வில் வண்டி வந்த கதையைச் சொல்லட்டும். செல்போனில் ஒரு மணி நேரம் பதிவு செய்து, பெயர், ஊர், தேதி எழுதி வைத்தால் போதும். ராகம் தாளம் எதுவும் வேண்டாம்.

நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்புவது ஓலை விஷயத்துக்கு.

இந்தப் பிரதேசத்துக்கு யூனிவர்சிட்டி புதிதில்லை. பாறசாலையிலிருந்து அதிக தூரமில்லை, முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம். கி.பி. 866ல் ஆய் அரசன் கருநந்தடக்கன் முஞ்சிறை ஸபையாரிடமிருந்து நிலம் வாங்கி, விஷ்ணு கோயில் எடுத்து, காந்தளூர்ச் சாலையின் மாதிரியில் ஒரு சாலையும் ஏற்படுத்தினான். 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு இடம். 45 பவிழிய சரணத்தாருக்கு, 36 தைத்திரீயத்தாருக்கு, 14 தலவகாரத்தாருக்கு. வ்யாகரணமும் மீமாம்ஸையும் பௌரோஹித்யமும் தெரிந்திருக்க வேண்டும், மூன்று ராஜ்யங்களின் வ்யவஹாரத்துக்கும் உதவ வேண்டும். ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக்கூடாது என்று ஹாஸ்டல் சட்டம்கூட உண்டு. இந்தச் செப்பேடு திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் அகப்பட்டதால் ஹஜூர் செப்பேடு என்றே பெயர். கோபிநாத ராவ் அதைப் படித்துத் திருவாங்கூர் ஆர்க்கியலாஜிக்கல் ஸீரீஸில் வெளியிட்டதால் நமக்கு இந்த எண்களெல்லாம் தெரியும். படிக்க ஒருவர் இருந்தார், அதனால் தெரியும்.

இன்னொன்று மணலிக்கரை. பத்மநாபபுரத்துக்கு அருகே. 1908ல் திருவிதாங்கூர் ஸமஸ்தானம் ஸம்ஸ்க்ருத ஓலைகளைத் தேடிப் பதிப்பிக்க ஓர் இலாகா ஏற்படுத்தியது. பொறுப்பாளர் திருநெல்வேலி தருவையைச் சேர்ந்த கணபதி சாஸ்திரிகள். 1909ல் மணலிக்கரை மடத்தில் அவருக்கு ஒரு கட்டு கிடைத்தது. 105 ஓலைகள், மலையாள லிபி, முன்னூறு வருஷத்துக்குக் குறையாத பழமை என்று அவர் கணித்தார். உள்ளே பத்து நாடகங்கள், பதினோராவது குறையாக நின்றது. காளிதாஸன் தன் மாளவிகாக்னிமித்ரத்தில் மரியாதையோடு சொல்லும் பாஸன் என்ற கவியின் பெயரைத்தான் அதுவரை உலகம் கேட்டிருந்தது. நாடகங்களைக் கண்டதில்லை. 1912ல் ஸ்வப்னவாஸவதத்தம் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. வேறிடங்களில் கிடைத்ததையும் சேர்த்து மொத்தம் பதின்மூன்று.

கதையை எதற்குச் சொன்னேன் என்றால், அதில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அந்த ஓலைகளில் பாஸன் என்று ஆசிரியர் பெயர் எங்கும் இல்லை. சாஸ்திரிகள் பிற நூல்களில் வரும் குறிப்புகளையும், நாடகங்கள் ஆரம்பிக்கும் விதத்தையும் வைத்து, இவை பாஸனுடையவை என்று வாதாடினார். பலர் ஏற்றார்கள். இவை கேரளத்துச் சாக்கியார்கள் மேடைக்காக மாற்றியமைத்தவை என்று சிலர் எதிர்த்தார்கள். அந்த வாதம் பல வருஷம் நடந்தது. இரண்டாவது, சாருதத்தம். அது நான்கு அங்கத்தோடு நின்றுபோகிறது. கதை முடியவில்லை. அதே கதையை முழுதாகச் சொல்லும் ம்ருச்சகடிகம் கையில் இருந்தும், சாஸ்திரிகள் ஐந்தாவது அங்கம் எழுதி ஒட்டவில்லை. ஓலை எங்கே நின்றதோ அங்கே அச்சும் நின்றது.

இப்போது அதே கட்டு உங்கள் மாடியில் அகப்படுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போட்டோ எடுத்து ஒரு ஜெனரேட்டிவ் இயந்திரத்துக்கு அனுப்புகிறீர்கள். பூச்சி தின்ற ஓட்டைக்கு ஒரு சொல் போட்டுத் தரும். சந்தஸ் சரியாக இருக்கும். ஆசிரியர் யார் என்றால் தயங்காமல் ஒரு பெயர் சொல்லும். முடியாத அங்கத்தை முடித்துக் கொடுக்கச் சொன்னால் அதையும் கொடுக்கும். பழைய எழுத்து வாசிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம்கள் தப்பு செய்தால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் வரும், குழந்தைக்கும் தெரியும் தப்பு என்று. இதன் தப்பு அழகாக இருக்கும். அதுதான் வித்தியாசம்.

லிபியும் ஒரு சங்கடம். கம்ப்யூட்டரின் உலகப் பொது எழுத்துப் பட்டியலான யூனிகோடில் கிரந்தத்துக்கு 2014ல்தான் இடம் கிடைத்தது. துளு திகளாரி 2024ல் சேர்ந்தது. தென் திருவிதாங்கூர்ப் பழைய கணக்குகளில் வரும் வட்டெழுத்துக்கு 2025 செப்டம்பரில் வந்த பதிப்பிலும் இடமில்லை. பட்டியலிலேயே இல்லாத எழுத்தை அது எங்கே நிறையப் படித்திருக்கப் போகிறது? தமிழை மலையாள லிபியில் எழுதி வைத்த பாட்டு நோட்டுகள் நம் வீடுகளில் எத்தனை இருக்கின்றன! அதைக் கொடுத்தால், எழுத்தைப் பார்த்து மலையாளம் என்று முடிவு கட்டிவிட்டு அதற்கேற்பச் சொல்லைத் திருத்தக்கூடும்.

வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக ஓலைச்சுவடி நூலகத்தில் 60,000க்கு மேல் சுவடிகள். கோட்டையில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் ஸ்ரீ பத்மநாபஸ்வாமி கோயில் மதிலகம் ஏடுகளே லக்ஷக்கணக்கில். 2022ல் அங்கே ஒரு ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்தார்கள், போய்ப் பாருங்கள். இவ்வளவையும் கையால் படியெடுக்க ஆள் கிடையாது. இயந்திரம் முதல் படி எடுத்துக் கொடுத்து, தெரிந்தவர் ஓலையோடு ஒத்துப் பார்த்தால், ஒரு வருஷ வேலை ஒரு மாதத்தில் முடியலாம். எந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று அட்டவணை போட இதைவிட நல்ல சாதனம் வராது. 2025 மத்திய பட்ஜெட்டில் ஞான பாரதம் என்று ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளுக்குத் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். ஒத்துப் பார்க்கும் ஆள்தான் குறைவு. நம் பிள்ளைகளில் இரண்டு பேர் கிரந்தமும் வட்டெழுத்தும் படித்தால், அவர்களுக்கு இந்த இயந்திரம் வேலை கொடுக்கும், பறிக்காது என்பது என் அபிப்ராயம்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். நம்மவர்கள் பலர் எல்லை கிராமத்து வீடுகளை விற்றுவிட்டார்கள், மீதியும் விற்கிறார்கள். காலி செய்யும்போது மாடியில் கட்டு அகப்படும். "எல்லாம் போட்டோ எடுத்தாச்சு, ஏ.ஐ. படிச்சும் கொடுத்துடுத்து, இனி இந்தக் குப்பை எதுக்கு" என்று ஒரு வார்த்தை. அத்தோடு மூலம் போயிற்று. பிறகு மிஞ்சுவது இயந்திரம் சொன்னது மட்டும். அதை எதோடு ஒத்துப் பார்ப்பீர்கள்? சாஸ்திரிகளோடு சண்டை போட்டவர்களுக்கு ஓலை இருந்தது.

கோர்ட்டுகள் இதைச் சீக்கிரம் கண்டுகொண்டன. 2023ல் நியூயார்க்கில் வக்கீல்கள் சாட் ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனுப் போட்டார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது. 5,000 டாலர் அபராதம். நம் கேரள ஹைகோர்ட் 2025 ஜூலையில் கீழ்க் கோர்ட்டுகளுக்கு ஒரு கொள்கை வகுத்து, தீர்ப்பு முடிவு செய்வதற்கு இந்தச் சாதனங்களைப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டது. அதே ஜாக்கிரதை நம் கோத்ர ப்ரவரத்துக்கும் ச்ராத்த திதிக்கும் வேண்டாமா? முப்பாட்டனார் பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்று இருக்கட்டும். செல்போன் சொன்ன பெயரைச் சொல்லித் தர்ப்பணம் செய்ய முடியுமா?

குரல் விஷயம் இரண்டு வார்த்தை. பாறசாலை பொன்னம்மாளை இங்கே அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2006ல் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் முதன்முதலாகப் பாடிய பெண்மணி, 2021ல் தமது 96வது வயதில் மறைந்தார். இப்படிப்பட்டவர்களின் சில மணி நேரப் பதிவு போதும், அவர்கள் பாடாத கீர்த்தனையை அவர்கள் குரலில் பாடவைக்க. 2024ல் 'லால் ஸலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், காலமான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் இப்படிப் பயன்படுத்தினார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஸன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே மாதம் எஸ்.பி.பி. குடும்பத்தார், ஒரு தெலுங்குப் படத்தில் கேட்காமல் அவர் குரலை உருவாக்கியதாக நோட்டீஸ் அனுப்பினார்கள். சினிமாவில் கேட்டுச் செய்யலாம், கொடுக்கலாம். சங்கீதத்தில் குருவின் பாடாந்தரம் என்று ஒன்று இருக்கிறது. அவர் எந்த இடத்தில் என்ன கமகம் போட்டார் என்பதற்குப் பதிவு சாக்ஷி. சாக்ஷியைத் தயாரிக்க ஆரம்பித்தால் பாடாந்தரம் எங்கே நிற்கும்?

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்தது. பழைய ஆபீஸ் சகாவின் முகம், அதே குரல். உறவினருக்கு ஆபரேஷன், உடனே 40,000 ரூபாய் வேண்டும். அனுப்பிவிட்டார். மறுபடி 35,000 கேட்டதும் ஸந்தேகம் வந்து, சகாவின் பழைய நம்பருக்கே கூப்பிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. போலீஸில் சொன்னார், பணம் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் செய்த காரியத்தை நினைவில் வையுங்கள். நம்மிடம் ஏற்கனவே உள்ள நம்பருக்கு நாமே திருப்பிக் கூப்பிடுவது. நியூஜெர்ஸியிலிருந்து பிள்ளை அழுதுகொண்டே பேசினாலும் அப்படித்தான். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையை முன்கூட்டியே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, குலதெய்வத்தின் பெயர் வேண்டாம், அதை எல்லோரும் யூகித்துவிடுவார்கள். பணம் போய்விட்டால் 1930க்குத் தாமதிக்காமல் போன் செய்யுங்கள்.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். ஓலை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சில வார்த்தை. கட்டை அவிழ்க்கும் முன் எந்த வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள், ஓரத்தில் ஏட்டு எண் இருக்கும். எண்ணெய், மஞ்சள் எதுவும் உங்கள் கையால் தடவ வேண்டாம், அது தெரிந்தவர் செய்யட்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, பக்கத்தில் ஓர் அடிக்குச்சி வைத்து, இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். பிள்ளைகள் இயந்திரத்திடம் கொடுத்தால், தெரியாத எழுத்துக்குப் புள்ளி மட்டும் வைக்கச் சொல்லுங்கள், நிரப்பக்கூடாது என்று எழுதியே கொடுங்கள். சொன்னாலும் சில சமயம் நிரப்பும், அதனால் வந்த படியின் தலையில் "இயந்திரப் படி, ஒத்துப் பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். வீடு விற்கிறவர்கள் கட்டை வாங்குகிறவரிடம் விட்டுவிட்டுப் போகாமல், காரியவட்டம் நூலகத்தையோ கோட்டைக் காப்பகத்தையோ முதலில் விசாரியுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு யாரும் ஓலையைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவர வேண்டாம். முதல் ஏடு, கடைசி ஏடு இரண்டின் போட்டோ போதும். கிரந்தம் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.